மருந்துக் கடையை எந்த அமைப்பில் நிறுவுவது?

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர், ஸ்ரீமுஷ்ணம்)

உழவுக்கு விதையும் தறிக்கு நூலும் எப்படியோ, அப்படியே குடும்பத்துக்கு மருந்தும் இக்காலத்தில் இன்றியமையாததாகிவிட்டது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் முதியோர் இல்லாத தெரு அரிது. ஆதலின், நம் ஊரிலேயே ஒரு மருந்துக் கடை வேண்டும், அது நியாய விலையில் விற்க வேண்டும் என்ற விருப்பம் அங்கத்தினரிடையே எழுவது இயல்பேயாகும்.

இவ்விருப்பத்துக்கு அண்மை ஆண்டுகளில் புதிய ஊக்கம் கிடைத்துள்ளது. 2014 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'அம்மா மருந்தகம்' என்ற பெயரில் கூட்டுறவுத் துறை வாயிலாக மருந்துக் கடைகள் திறக்கப்பட்டன. பின்னர், 2024 ஆகஸ்டு 15 ஆம் நாள் சுதந்திர தின உரையில் அப்போதைய முதலமைச்சர் திரு. மு. க. ஸ்டாலின் அறிவித்த 'முதல்வர் மருந்தகம்' திட்டத்தின்படி, 2025 பிப்ரவரி 24 ஆம் நாள் மாநிலமெங்கும் 1,000 கடைகள் தொடங்கி வைக்கப்பட்டன. இவற்றில் ஏறத்தாழப் பாதி கூட்டுறவுச் சங்கங்களுக்கும், மறு பாதி மருந்தியல் கற்ற தனி மனிதர்களுக்கும் என வகுக்கப்பட்டது. தனி மனிதருக்கு 3 லட்சம் ரூபாயும் சங்கத்துக்கு 2 லட்சம் ரூபாயும் மானியம். அதில் ஒரு பாதி ரொக்கம், மறு பாதி மருந்துச் சரக்கு. மத்திய அரசும் தன் 'மக்கள் மருந்தகம்' திட்டத்தில் 2,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இடமளிக்க 2023 ஜூன் மாதத்தில் முடிவு செய்தது.

ஆகவே ஒரே தெருவில் இரண்டு வாயில்கள் திறந்திருக்கின்றன. சங்கமே கடை நடத்துவதா? அல்லது அங்கத்தினர் ஒருவரின் மகனோ மகளோ டி.பார்ம். படித்திருந்தால், அவர் பெயரில் நடத்துவதா? அல்லது நாலைந்து பேர் பணம் போட்டுப் பங்காளிகளாக நடத்துவதா? இக்கேள்விக்கு விடை கூறுமுன், ஒவ்வொரு அமைப்பிலும் நஷ்டம் யார் தலையில் விழும், நிறுவியவருக்குப் பின் கடை நிலைக்குமா என்னும் இரண்டையும் அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்துகொள்வது நலம்.

மருந்துக் கடை ஏனைய கடைகளைப் போன்றதன்று

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து வரும் சரக்கில் ஒரு கோப்பை உடைந்தால் கண்ணால் காணலாம். காலாவதியான மாத்திரை பார்வைக்குப் புதியதைப் போலவே இருக்கும். இதனால்தான் மருந்து விற்பனையைச் சட்டம் மிகவும் கட்டுப்படுத்துகிறது.

1940 ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின்படியும் 1945 ஆம் ஆண்டின் விதிகளின்படியும் லைசென்சு பெறாமல் மருந்து விற்கலாகாது. சில்லறைக் கடைக்கு 20, 21 ஆம் எண் படிவங்களில் லைசென்சு வழங்கப்படுகிறது. கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 108 சதுர அடி இடம் வேண்டும். இன்சுலின் போன்ற மருந்துகளை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்கக் குளிர்பதனப் பெட்டி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவர் சீட்டின் பேரில் மருந்து கொடுக்கும்போது பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் நேரில் இருந்து மேற்பார்வை செய்ய வேண்டும். மருந்தாளுநராகப் பதிவு பெறாத ஒருவர் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதை 1948 ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் 42 ஆம் பிரிவில் தடை செய்கிறது.

இங்கே இரண்டு கெடுக்களை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பொறுப்பிலுள்ள மருந்தாளுநர் மாறினால் ஒரு மாதத்துக்குள் லைசென்சு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது முதலாவது. கடையை நடத்தும் நிறுவனத்தின் அமைப்பில் மாறுதல் ஏற்பட்டால், பழைய லைசென்சு அதிகபட்சம் மூன்று மாதமே செல்லும். அதற்குள் புதிய அமைப்பின் பெயரில் புதிய லைசென்சு பெற்றாக வேண்டும் என்பது இரண்டாவது. மளிகைக் கடையில் ஒரு பங்காளி விலகி மற்றொருவர் சேர்ந்தால் மறுநாளும் கடை திறக்கும். மருந்துக் கடையிலோ கெடு தவறினால் கதவை மூட நேரும். எனவே அமைப்பைத் தொடக்கத்திலேயே ஆராய்ந்து முடிவு செய்வது அவசியம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடத்தக்கதன்று.

தனி உடைமை

ஒருவர் தம் பெயரிலேயே நடத்தும் கடை இது. தொடங்குவது எளிது; பத்திரமோ பொதுக்குழுத் தீர்மானமோ வேண்டியதில்லை. இலாபம் முழுவதும் அவருடையது. வருமான வரியும் தனி மனிதருக்குரிய படிநிலை விகிதத்திலேயே அமையும்.

ஆனால் கடையின் கடன் வேறு, அவர் கடன் வேறு என்ற பேதம் சட்டத்தில் இல்லை. மொத்த வியாபாரிக்குப் பாக்கி நின்றால் கடைச் சரக்கு மட்டுமன்று, அவர் பெயரிலுள்ள வீடும் நிலமும் பதில் சொல்ல வேண்டி வரும். அன்றியும், அவர் காலமானால் லைசென்சு தானாக வாரிசுக்குப் போய்ச் சேராது. வாரிசு தம் பெயரில் புதிதாகப் பெற வேண்டும். வாரிசு மருந்தியல் கற்றவராக இல்லாவிடில் மருந்தாளுநர் ஒருவரையும் தேட வேண்டும்.

உடைமையாளரே மருந்தாளுநராக இருந்து நாள் முழுதும் கடையில் அமர்வாரானால், இவ்வமைப்புக்கு ஈடானது வேறில்லை. அதற்குரிய கணக்கைப் பின்னர்க் காண்போம்.

கூட்டாண்மை

இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வியாபாரம் நம் பக்கத்தில் மிகப் பழமையானது. அண்ணன் பணம் போடுவார், தம்பி உழைப்பார். எழுத்து ஒன்றும் இராது. இதற்குரிய சட்டம் 1932 ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். இதன் நான்கு விதிகளை அறியாமல் ஒருவரும் கையெழுத்திடலாகாது.

முதலாவது, நிறுவனத்தின் கடனுக்குப் பங்காளிகள் அனைவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள். உதாரணமாக, இருவர் சம பங்கில் நடத்தும் கடைக்கு 4 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஊரை விட்டுப் போய்விட்டால், மற்றவர் "என் பாதி 2 லட்சம்" என்று கூறித் தப்ப முடியாது. கடன் கொடுத்தவர் 4 லட்சத்தையும் இவரிடமே வசூலிக்கலாம். போனவரிடமிருந்து பாதியைப் பெறுவது இவர் பாடு.

இரண்டாவது, வியாபாரத்தின் வழக்கமான காரியங்களில் ஒரு பங்காளி செய்யும் செயல் எல்லாரையும் கட்டுப்படுத்தும். கடைப் பெயரில் அவர் வாங்கிய சரக்கு எல்லாரும் வாங்கியதே.

மூன்றாவது, பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், ஒரு பங்காளி இறந்ததும் கூட்டாண்மை கலைந்துவிடும்.

நான்காவது, பதிவு செய்யப்படாத கூட்டாண்மை தனக்கு வரவேண்டிய பாக்கிக்காகப் பிறர்மீது வழக்குத் தொடுக்க இயலாது. பிறரோ அதன்மீது வழக்குத் தொடுக்கலாம்.

மருந்துக் கடையில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் பணமும் மற்றொருவர் மருந்தியல் பட்டமும் கொண்டு கூட்டுச் சேருவது வழக்கம். பட்டம் உள்ளவர் மனக்கசப்பால் விலகினால், ஒரே நாளில் மருந்தாளுநரும் மாறுகிறார், நிறுவன அமைப்பும் மாறுகிறது. ஒரு மாதக் கெடுவும் மூன்று மாதக் கெடுவும் ஒருங்கே ஓடத் தொடங்குகின்றன. பணம் போட்டவரிடம் அலமாரி நிறையச் சரக்கு இருக்கும். அதைக் கொடுக்கும் உரிமை உள்ளவர் இரார். ஆகவே கூட்டாண்மையே வேண்டும் என்போர், விலகுவதற்கு எத்தனை மாத முன்னறிவிப்பு, இறந்தால் வாரிசுக்கு என்ன, சரக்கை எவ்விதம் மதிப்பிடுவது என்பவற்றைப் பத்திரத்தில் எழுதிப் பதிவும் செய்துகொள்ள வேண்டும். உறவினர்க்குள் எழுத்து எதற்கு என்பது தவறான எண்ணம்; உறவு கெடாதிருக்கவே எழுத்து வேண்டும்.

வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையும் கம்பெனியும்

மேற்கூறிய அபாயத்தை நீக்கவே 2008 ஆம் ஆண்டில் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. இதில் பங்காளி தாம் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் பொறுப்பாளி அல்லர்; ஒரு பங்காளி இறந்தாலும் நிறுவனம் கலையாது. 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, இருவர் சேர்ந்து தனியார் கம்பெனியும், ஒருவரே 'ஒரு நபர் கம்பெனி'யும் பதிவு செய்யலாம்.

பெருந்தொகையை முதலிட்டுப் பல ஊர்களில் கிளை திறப்போர்க்கு இவை ஏற்றவை. தமிழக அரசும் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து கொள்முதல் செய்ய 1994 ஆம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைக் கம்பெனி வடிவிலேயே அமைத்தது. ஆனால் ஆண்டுதோறும் அறிக்கைகள் தாக்கல் செய்வதும், கம்பெனியாயின் விற்பனை எவ்வளவு குறைவானாலும் தணிக்கை செய்விப்பதும் கட்டாயம். நூற்றெட்டுச் சதுர அடிக் கடைக்கு இச்செலவு பாரமே. மேலும், வங்கிகள் சிறு நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும்போது அதை நடத்துவோரின் சொந்த ஜாமீனையும் கேட்பது வழக்கம். ஜாமீன் கையெழுத்திட்டவருக்கு அக்கடனைப் பொறுத்தவரை வரையறுத்த பொறுப்பு என்ற பாதுகாப்பு இல்லை.

கூட்டுறவுச் சங்கம்

1904 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த நம் கிராமியச் சங்கங்கள் வரையறையற்ற பொறுப்பு உடையனவாக இருந்தன. சங்கம் கடன்பட்டால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் சொத்து அளவும் பொறுப்பாளி. இன்றைய வரையறுத்த பொறுப்புச் சங்கங்களில் அங்கத்தினர் இழக்கக்கூடியது தாம் செலுத்திய பங்குத் தொகையே. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றே. சங்கம் சட்டத்தின் பார்வையில் ஒரு தனி ஆள். தலைவர் மாறினாலும் செயலாளர் ஓய்வு பெற்றாலும் அது தொடர்ந்து வாழும். ஆதலின் மூன்று மாதக் கெடு சங்கத்தை எளிதில் அச்சுறுத்தாது. இது பெரிய நன்மை.

எனினும், சங்கம் கடை திறக்குமுன் கவனிக்க வேண்டியவை பல.

முதலில் துணை விதிகளைப் பார்க்க வேண்டும். மருந்து விற்பனை சங்கத்தின் நோக்கங்களில் அடங்கவில்லையாயின், பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்றி, திருத்தத்தைப் பதிவு செய்த பிறகே தொடங்க வேண்டும். நெசவாளர் சங்கங்கள் கைத்தறித் துறை இயக்குநரின் நிர்வாகத்தில் இருப்பவை. துணியை உற்பத்தி செய்து விற்பதே அவற்றின் பணி. எனவே நெசவாளர் அங்கத்தினர்கள் தம் பகுதி வேளாண்மைக் கடன் சங்கத்தையோ நுகர்வோர் பண்டகசாலையையோ அணுகுவதே நேரான வழி.

அடுத்தது செலவுக் கணக்கு. 2013 ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, பட்டியலிலுள்ள மருந்துகளுக்குச் சில்லறை வியாபாரியின் இலாபத்தை அவர் வாங்கும் விலையில் நூற்றுக்கு 16 என்று கணக்கிடுகிறது. இவ்விகிதத்தையே கொண்டு பார்ப்போம். மருந்தாளுநர் சம்பளம் மாதம் 15,000 ரூபாய், வாடகையும் மின்சாரமும் 5,000 ரூபாய், ஆக 20,000 என்று கொள்வோம். இத்தொகை இலாபமாகக் கிடைக்க மாதம் 1,25,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கி, 1,45,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதாவது நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 4,800 ரூபாய் விற்பனை. இது நஷ்டமின்றி நிற்பதற்கு மட்டுமே. தள்ளுபடி கொடுத்தாலோ, ஒரு பெட்டி மருந்து காலாவதியானாலோ இதுவும் போதாது. பொதுப்பெயர் மருந்துகளில் இலாப விகிதம் வேறுபடும். ஆயினும் கணக்கிடும் முறை இதுவே.

இப்போது இதையே தனி உடைமைக்குப் பொருத்திப் பாருங்கள். உடைமையாளரே மருந்தாளுநர் என்றால் 15,000 ரூபாய் சம்பளம் வெளியே போவதில்லை. மழை பொய்த்து, கரும்புப் பணமும் தாமதமாகி, ஊரில் ரொக்கம் வற்றிய மாதங்களில் அவர் தம் வருவாயைக் குறைத்துக்கொண்டு கடையைக் காப்பார். சங்கமோ விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் முடிந்ததும் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, கடன் விற்பனை. அங்கத்தினர் கேட்டால் மறுப்பது எப்படி என்று தொடங்கி, பாக்கிப் பேரேடு தடிப்பதே பண்டகசாலைகள் நலிவதற்குரிய பழைய காரணம். 1844 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் தம் கடையைத் தொடங்கியபோது ரொக்க விற்பனையையே விதியாக வைத்தனர். மருந்துக் கடைக்கும் அவ்விதி வேண்டும்.

நான்காவது, பொறுப்பு. சங்கம் நடத்தும் கடையில் தவறு நிகழ்ந்தால் தனி மனிதருக்குத் தண்டனை இல்லை என்று சிலர் கருதுகின்றனர். இது சரியன்று. மருந்துகள் சட்டத்தின 34 ஆம் பிரிவு 'கம்பெனி' என்ற சொல்லில் எல்லாக் கூட்டமைப்புகளையும் அடக்குகிறது. குற்றம் நிகழ்ந்த காலத்தில் வியாபாரத்துக்குப் பொறுப்பாக இருந்தவரும், தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தக்க கவனம் செலுத்தியும் நடந்தது என்றோ காட்டினாலன்றி, குற்றவாளியாகக் கருதப்படுவார். நிர்வாகத்தினரின் கவனக்குறைவால் சங்கத்துக்கு நஷ்டம் நேர்ந்தால், 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87 ஆம் பிரிவுப்படி அத்தொகையை அவர்களிடமிருந்தே தண்டத்தீர்வையாக வசூலிக்க இடமுண்டு. அங்கத்தினர் பொறுப்பு வரையறுத்தது. அலட்சியமான நிர்வாகியின் பொறுப்பு அவ்வாறன்று.

பிற நாட்டு வழிகள்

ஜெர்மனியில் மருந்துக் கடையை மருந்தாளுநர் மட்டுமே உடைமையாகக் கொள்ளலாம். மருந்தைத் தருபவரே அதன் நன்மை தீமைக்குத் தம் சொத்தோடு பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஐரோப்பிய நீதிமன்றமும் 2009 ஆம் ஆண்டில் இவ்விதியைச் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நம் நாட்டுச் சட்டம் உடைமையை யாருக்கும் அனுமதித்து, மருந்தாளுநர் உடனிருத்தலை மட்டும் கட்டாயமாக்கியுள்ளது.

பிரிட்டனில் கூட்டுறவு இயக்கம் பெரும் மருந்துக் கடைத் தொடர் ஒன்றை நடத்தி வந்தது. 2013 ஆம் ஆண்டில் அவ்வியக்கத்தின் வங்கியில் ஏற்பட்ட பெரும் நஷ்டத்தையடுத்து, கடன் சுமையைக் குறைக்கும்பொருட்டு 2014 ஆம் ஆண்டில் அக்கடைகளை 620 மில்லியன் பவுனுக்குத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு விற்க நேர்ந்தது. கடன் பிரிவு, உர விற்பனை, நியாய விலைக் கடை எனப் பல தொழில் செய்யும் நம் சங்கங்களுக்கு இது ஒரு பாடம். ஒரு பிரிவின் பள்ளம் மற்றொரு பிரிவின் மேட்டை விழுங்கும். ஆதலின் மருந்துக் கடைக்குத் தனிக் கணக்கும் தனி இருப்பேடும் வைப்பது இன்றியமையாதது.

முடிவு செய்யும் முறை

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது, "எந்த அமைப்பு உயர்ந்தது?" என்று கேட்பதைவிட, "கடையில் நாள் முழுதும் அமரப்போகும் மருந்தாளுநர் யார்?" என்று கேட்பதே முதற்படி எனத் தோன்றுகிறது.

ஊரிலேயே நிலைத்திருக்கப்போகும் மருந்தாளுநர் ஒருவர் இருந்து, அவரே முன்வருவாராயின், அவர் தம் பெயரில் தனி உடைமையாக நடத்தட்டும். சங்கம் அவருக்குப் போட்டியாக இன்னொரு கடை திறக்க வேண்டியதில்லை. விதிகள் இடந்தரும் அளவில் கடன் கொடுத்து உதவுவதும் கூட்டுறவுப் பணியே. அத்தகையவர் இல்லாத ஊரில், முழுநேர மருந்தாளுநருக்குச் சம்பளம் கொடுக்கப் போதிய விற்பனை கிடைக்கும் என்று கணக்கு காட்டினால், சங்கம் தயங்காமல் முன்வரலாம். நிறுவியவருக்குப் பின்னும் கடை நிற்க வேண்டுமெனில் சங்கத்தினும் ஏற்ற அமைப்பு இல்லை. விற்பனை அந்த அளவுக்கு வராது எனில், மானியத் தொகையை எண்ணி இறங்கலாகாது. மானியம் ஒரு முறை வருவது. சம்பளம் மாதந்தோறும் போவது.

மற்றொன்றையும் வலியுறுத்த வேண்டும். முதல்வர் மருந்தகத் திட்டத்தில் பட்டம் பெற்றவரின் ஒப்புதலோடு பிறரும் விண்ணப்பிக்க இடமளிக்கப்பட்டது. ஒப்புதல் என்பது சான்றிதழைச் சுவரில் மாட்டுவதற்கு அன்று. மருந்தாளுநர் ஆளாக வந்து அமர்வதற்கே. சான்றிதழை மட்டும் இரவல் வாங்கி, ஆள் வேறோர் ஊரில் இருப்பது தனியார் கடையாயினும் சங்கக் கடையாயினும் சட்ட விரோதம். அதைவிட மேலாக, மருத்துவர் எழுதிய சீட்டைத் தவறாகப் படித்து மாற்று மருந்து கொடுத்தால் போவது ஓர் உயிர்.

சங்கக் கடை நடத்த முடிவு செய்வோர் நான்கு ஒழுங்குகளைத் தீர்மானமாகவே எழுதி வைத்துக்கொள்க:

1. விற்பனை ரொக்கத்துக்கே, அங்கத்தினர், அலுவலர், இயக்குநர் எவருக்கும் விலக்கில்லை.

2. மாதம் ஒரு முறை இருப்பு முழுவதையும் சரிபார்த்து, அடுத்த மூன்று மாதங்களில் காலாவதியாகும் மருந்துகளுக்குப் பட்டியல் எடுக்க வேண்டும். காலாவதியானவற்றை 'விற்பனைக்கு அன்று' என எழுதி வேறாக வைக்க வேண்டும்.

3. மருந்தாளுநர் விடுப்பில் செல்லும் நாளுக்கு மாற்று ஏற்பாடு முன்னரே வேண்டும். மாற்று இல்லாத நாளில் சீட்டு மருந்து கொடுக்கலாகாது.

4. கடையின் வரவு செலவு தனியாகத் தயாரிக்கப்பட்டுப் பொதுக்குழுவின் முன் படிக்கப்பட வேண்டும்.

சேத்தியாத்தோப்புக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் விவசாயியும், குறிஞ்சிப்பாடித் தறிகளில் கைலி நெய்யும் நெசவாளியும் கணக்குப் பாராமல் தம் தொழிலில் இறங்குவதில்லை. எவ்வளவு விதை, எவ்வளவு நூல், எப்போது பணம் என்று எண்ணிப் பார்த்தே இறங்குகின்றனர். அதே கணக்கை மருந்துக் கடை பற்றிய தீர்மானம் பொதுக்குழுவின் முன் வரும்போதும் அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். யார் அமர்வார், நாளுக்கு எவ்வளவு விற்கும், நஷ்டம் வந்தால் யார் தருவார் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெற்ற பின்னரே கை உயர்த்துவார்களாக. அவ்விதம் எண்ணித் துணிந்து திறக்கும் கடை, யார் பெயரில் இருந்தாலும், ஊருக்கு நெடுநாள் பயன்படும்.